இலவசமாகப் பார்க்கிற இடத்தில் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 61 வயது. நெசவு வேலை. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஒன்றரை வருடமாக எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. வாரம் மூன்று முறை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆனால் ஆறு மெஷினில் இரண்டு ஓடவில்லை என்று சொல்லி, இரண்டு மாதமாகச் செவ்வாய், வெள்ளி மட்டும்தான். ரத்தம் ஊறுவதற்கான ஊசியை வெளியே வாங்கி வரச் சொல்லித் துண்டுச் சீட்டு தருகிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள ஒவ்வொரு முறையும் 100 ரூபாய். மெஷின் எப்போது சரியாகும் என்று ஒருநாள் கேட்டேன். "இலவசமாப் பார்க்கிறோம், இதுல கேள்வி வேறயா?" என்றார் ஒருவர். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். நான் கேட்டது தப்பா? புகார் கொடுத்தால் அப்பாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டது தப்பில்லை. ஆனால் வாயால் கேட்டீர்கள், வாயாலேயே பதில் வந்துவிட்டது. நீங்கள் கேட்டதற்கும் பதிவில்லை, அவர் சொன்னதற்கும் பதிவில்லை. நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தால் "அப்படி யாரும் கேட்கவே இல்லையே" என்று சொல்லிவிடலாம். இருபத்து நான்கு வருடமாக வக்கீல் தொழிலில் இருக்கிறேன். அரசாங்கத்தோடு பேசியவர்கள் கதை ஒன்று, எழுதியவர்கள் கதை வேறொன்று.

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: மெஷின், ஊசி, ஸ்ட்ரெச்சர். மூன்றையும் ஒரே மனுவில் கொட்டிவிடாதீர்கள். ஸ்ட்ரெச்சர் காசைப் பற்றி ஒரு வரி இருந்தால் போதும், மேலே இருப்பவர் அதற்கு மட்டும் ஒரு விசாரணை வைத்து, யாரோ ஒரு ஒப்பந்த ஊழியரை எச்சரித்து, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார். மெஷின் அப்படியே கிடக்கும்.

மனுவெல்லாம் பிறகு. முதலில் அந்த மூன்றாவது டயாலிசிஸுக்கு வழி பார்ப்போம். சட்டம் காத்திருக்கும், அப்பாவின் உடம்பில் சேரும் நீர் காத்திருக்காது.

அவர் கையில் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. அந்த ஒரு மருத்துவமனையோடு கட்டிப்போட்ட அட்டை அல்ல அது. திட்டத்தில் சேர்ந்த மற்ற அரசு, தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். உங்கள் மருத்துவமனையிலேயே காப்பீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு மேஜை இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம், "பக்கத்தில் எங்கே டயாலிசிஸ் இடம் காலியாக இருக்கிறது, அட்டையை அங்கே எப்படிப் பயன்படுத்துவது" என்று கேளுங்கள். அவர் மழுப்பினால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். பேசிய தேதி, நேரம், அவர்கள் தரும் புகார் எண் இவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வெளியூருக்கு ரயிலில் போக வேண்டி வந்தால், டயாலிசிஸுக்குப் போகும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துப் போய்வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். வயிற்றில் குழாய் பொருத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் அது ஒத்துவராது. வீடு சுத்தமாக இருக்க வேண்டும், கை சுத்தம் வேண்டும், செய்கிறவருக்கு நிதானம் வேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சரிப்படுமா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கனமே அதில்தான் இருக்கிறது.

யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஒரு மனிதரின் பெயரை எழுதிக் கொடுக்கும் புகாருக்கும் ஒரு பொருளைப் பற்றிக் கொடுக்கும் மனுவுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மெஷின் பழுது என்று எழுதினால் அந்தப் பிரிவில் யாருக்கும் கோபம் வராது. யோசித்துப் பாருங்கள்: ஆறு மெஷின் செய்ய வேண்டிய வேலையை நான்கில் முடிக்கிறார்கள். காலையில் ஆரம்பித்த டெக்னீசியன் இரவு வரை நிற்கிறார். நோயாளிகளின் திட்டு முழுக்க நர்ஸ் தலையில் விழுகிறது. பல வருடங்களுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் இப்படித்தான் ஒரு ஸ்கேன் மெஷின் விஷயமாக ஒரு டாக்டரிடம் பேசப் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சார், நான் ஏற்கெனவே நாலு தடவை மேலே எழுதிட்டேன். பொதுமக்கள் கிட்டேருந்து ஒரு பெட்டிஷன் வந்தா அதையும் சேர்த்து அனுப்பலாம். நீங்க ஒண்ணு போடுங்களேன்." போட்டோம். அந்த டாக்டர் கடைசிவரை எங்களைத் தெரியாதவர் போலவே நடந்துகொண்டார்.

ஆகவே நீங்கள் தனியாகப் போடாதீர்கள். அப்பாவோடு அதே பிரிவில் படுத்திருக்கும் நான்கைந்து பேரின் வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே, ஒருவருக்கொருவர் சாப்பாடு பகிர்ந்து பழகியிருப்பீர்கள். ஐந்து கையெழுத்து இருக்கும் தாளில் உங்கள் அப்பா ஐந்தில் ஒருவர். மனு இவ்வளவு இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நாங்கள் தங்கள் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர். வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்ய மருத்துவர் பரிந்துரைத்துள்ளார் (நகல் இணைப்பு). 2 இயந்திரங்கள் பழுதாகியுள்ளதால் கடந்த 2 மாதங்களாக வாரம் 2 முறை மட்டுமே செய்யப்படுகிறது. இதனால் நோயாளிகளுக்கு மூச்சுத் திணறலும் உடல் வீக்கமும் ஏற்படுகின்றன. இயந்திரங்களைச் சரிசெய்யவும், அதுவரை மாற்று ஏற்பாடு செய்யவும், எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். கண்ணீர், சாபம், "தாங்கள்தான் தெய்வம்" எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கடைசி வாக்கியத்தில் வரும் "எழுத்துமூலம்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். மனுவை உயிர்ப்பிக்கிற சொல் அதுதான்.

யாரிடம் கொடுப்பது? மருத்துவமனைக்குள் நிர்வாகத்தைப் பார்ப்பவர் நிலைய மருத்துவ அலுவலர். ஆர்.எம்.ஓ. என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள். முதல் பிரதி அவருக்கு. மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனைகளுக்கு மேலதிகாரி மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், ஜே.டி. என்பார்கள். இரண்டாவது பிரதி அவருக்கு. (உங்கள் மருத்துவமனை இதற்குள் மருத்துவக் கல்லூரியாக மாறியிருந்தால் ஜே.டி.க்கு அங்கே அதிகாரம் இல்லை, டீனிடம் கொடுக்க வேண்டும். தவறான மேஜையில் கொடுத்த மனு ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும்.) மூன்றாவது பிரதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில். அங்கே மனு எண் போட்டு ரசீது தருவார்கள். அந்த ரசீதுக்காகவே அங்கே போகலாம். எங்கே கொடுத்தாலும் உங்கள் ஜெராக்ஸ் பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் சண்டை போடாமல், ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மனு கொடுத்தால் 3 நாளில் ஒப்புகை, 30 நாளில் பதில் என்று தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2015-லேயே ஆணை போட்டிருக்கிறது, அரசாணை எண் 99. இதைச் சொன்னவுடன் எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்று எண்ண வேண்டாம். ஆனால் 31-ஆம் நாள் நீங்கள் எழுதும் நினைவூட்டலில் இந்த எண்ணைக் குறிப்பிட்டால், படிக்கிறவர் உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்.

பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.). 2005-இல் வந்த சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இதில்தான் நம் மக்கள் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்: "மெஷினை ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?" என்று கேட்கிறார்கள். "ஏன்" என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வாங்க முடியாது. ஆவணத்தைக் கேட்க வேண்டும். இரண்டு இயந்திரங்களும் பழுதான தேதியைக் காட்டும் பதிவேட்டின் நகல். பழுது குறித்து மேலிடத்துக்கோ பராமரிக்கும் நிறுவனத்துக்கோ அனுப்பிய கடிதங்களின் நகல். பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல். கடந்த மூன்று மாதங்களில் நாள்வாரியாக எத்தனை டயாலிசிஸ் நடந்தது என்ற கணக்கு. யாரையும் குற்றம் சொல்லாத கேள்விகள்தான். ஆனால் மேலே கடிதம் எழுதவே இல்லை என்றால், தாங்கள் எழுதவில்லை என்பதை அவர்களே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிவரும். பெரும்பாலும் அதற்கு முன்பே மெஷினுக்கு ஆள் வந்துவிடுகிறது.

சாதாரணமாக 30 நாள் கெடு. உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. டயாலிசிஸ் உயிர்ப் பிரச்சினைதான், மனுவின் தலைப்பிலேயே அதை எழுதி, டாக்டர் சீட்டின் நகலை இணையுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் 30 நாள் எடுத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை. பதிலே வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து ஊசி. அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனை முத்திரை இருக்கிறதா? டாக்டர் பெயர், தேதி, ஓ.பி. எண்? அநேகமாக ஒன்றும் இருக்காது, ஊசியின் பெயர் மட்டும் கிறுக்கியிருக்கும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்கென்றே 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாவட்டக் கிடங்கில் மருந்து இருக்கும், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் இருக்கும், அதில் ஒதுக்கிய தொகைக்குள் எடுத்துக்கொள்வார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரில் தொடங்கிய ஏற்பாடு இது. அவ்வளவு நல்ல அமைப்பை வைத்துக்கொண்டு நோயாளியின் மகளைப் பார்மசிக்கு விரட்டுவதுதான் எனக்குக் கோபம். மருந்து உண்மையிலேயே கிடங்கில் இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் யாரும் எடுக்காமல் விட்டிருக்கலாம். எது என்று உங்களால் வெளியிலிருந்து சொல்ல முடியாது, இருப்புப் பதிவேடு சொல்லும். ஆகவே அடுத்த முறை சீட்டு தந்தால், "ஓ.பி. சீட்டிலேயே எழுதி 'இருப்பில் இல்லை' என்று போட்டுக் கொடுங்கள், காப்பீட்டு மேஜையில் காட்டணும்" என்று கேளுங்கள். பணிவாகவே கேளுங்கள். இதைக் கேட்டவுடன் உள்ளேயிருந்து ஊசி வந்த கதைகள் எனக்குத் தெரியும். எழுதித் தந்தால், கடை பில்லோடு சேர்த்து வையுங்கள். இந்த ஊசி உங்கள் டயாலிசிஸ் பேக்கேஜுக்குள் அடங்குமா என்று காப்பீட்டு எண்ணுக்கு ஒரு தனிப் புகார் போடுங்கள்.

இதிலிருந்தே அந்த "இலவசம்" என்ற பேச்சுக்கும் பதில் கிடைக்கிறது. திட்டத்துக்கான பிரீமியத்தை அரசு கட்டுகிறது. உங்கள் அப்பாவுக்கு டயாலிசிஸ் செய்ததற்கு மருத்துவமனை கிளெய்ம் போட்டுத் திட்டத்திலிருந்து பணம் பெறுகிறது. நீங்கள் கவுண்ட்டரில் காசு நீட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான்கு மெஷின் ஓடினால் நான்குக்குத்தான் கிளெய்ம், மெஷின் சும்மா கிடந்தால் மருத்துவமனைக்கும் நஷ்டம். ஆர்.எம்.ஓ.விடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் இதையும் போகிற போக்கில் சொல்லிவையுங்கள்.

சட்டப்படியும் அது தானம் அல்ல. 1992 ஜூலை 8-ஆம் தேதி மேற்கு வங்கத்தில் மதுராப்பூர் ரயில் நிலையத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, கல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகள் வரை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். இங்கே வசதி இல்லை, அங்கே படுக்கை இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்து 17,000 ரூபாய் செலவானது. அவர் சேர்ந்திருந்த தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது: தேவைப்படும் நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தராமல் போவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது, பணம் இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது. 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னார்கள். அந்த வழக்கு அவசர சிகிச்சை பற்றியது. வாரம் இரண்டாகக் குறைந்த டயாலிசிஸுக்கு அதை நீட்டி வாதாட வேண்டியிருக்கும். வாதாட முடியும் என்பதுதான் என் கருத்து.

ஸ்ட்ரெச்சர் விஷயத்தில் என் கதை ஒன்று சொல்கிறேன். அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒரு அரசு மருத்துவமனையில் இருந்தபோது, எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போனவர் லிஃப்ட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தேன், கறுப்பு கோட்டு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டு தொங்கிய கையாலேயே 50 ரூபாயை எடுத்து நீட்டினேன். அம்மா வலியில் முனகிக்கொண்டிருந்தாள், வேறு எதுவும் தோன்றவில்லை. ஆகவே கொடுத்ததற்காக உங்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதும் குற்றமாகிவிட்டது. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்துவிட்டால் அவர்மேல் குற்றமில்லை. 100 ரூபாய்க்காக நீங்கள் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை அப்பாவைச் சக்கர நாற்காலியில் நீங்களே தள்ளிக்கொண்டு போக முடிந்தால் போங்கள். முடியாதபோது, பணம் கேட்டால் அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்குப் போன் போட்டு மருத்துவமனையின் பெயர், நேரம், எந்தத் தளம் என்பதைச் சொல்லுங்கள். ஆள் பெயர் தேவையில்லை. ஒரே தளத்திலிருந்து நான்கு புகார் போனால் மேற்பார்வையாளர் தானாக அங்கே வந்து நிற்பார். அந்த ஊழியர்களுக்கு ஒப்பந்தக்காரர் என்ன சம்பளம் கொடுக்கிறார் என்பது தனியாக ஒரு கடிதத்துக்கு உரிய விஷயம்.

இவ்வளவுக்கும் ஒன்றும் அசையவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. சீல் வைத்த மனு, நினைவூட்டல், ஆர்.டி.ஐ. பதில் மூன்றும் கையில் இருந்தால் ரிட் மனு (அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடும்படி கேட்கும் மனு) போடுவது எளிது, அவை இல்லாமல் வந்தால் "முதலில் மனு கொடுத்தீர்களா?" என்றுதான் கேட்பார்கள். வக்கீலுக்குப் பணம் வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி கிடைக்கும். ஆகவே மனுதாரராக உங்கள் அம்மாவோ நீங்களோ இருந்தால் நல்லது. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும்.

செவ்வாய், வெள்ளி அப்பாவோடு போய்விடுகிறீர்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசை ஆரம்பித்துவிடும். இந்த வெள்ளிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள். ஜெராக்ஸ் நான்கு பிரதி. பேனா இரண்டு எடுத்துப் போங்கள், அங்கே ஒருவராவது கட்டாயம் இரவல் கேட்பார்.